அறுபதாவது வாய்

ஜாடியைத் திறந்துவிட்டால் மூன்று நிமிடம்தான். அதற்குள் கம்பி வளையத்தால் தொட்டு, புதுத் தட்டில் இழுத்து, மூடி, இரண்டு தட்டையும் மறுபடி ஜாடிக்குள் அடுக்கி, வாயுப் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டு, திருகை இறுக்கிவிட வேண்டும். தாமதித்தால் காற்று பட்டே செத்துப்போகும். காற்றில் செத்துப்போகிற ஒன்று, நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடுகிற வாயில் எப்படி வாழ்கிறது என்று முதல் வருடம் கேட்டிருக்கிறேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிட்டால் அதன் அடியில் காற்றே கிடையாது, கிணற்றுக்குள் இருப்பது மாதிரி என்று நௌஷாத் சொன்னான். நௌஷாத் இந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறவன். நோயாளிகளின் ஈற்றுப் பள்ளத்திலிருந்து மாதிரி எடுத்துத் தருவது அவன் வேலை, அதில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்த்து வகைப்படுத்துவது என் வேலை. மணி மூன்று பத்து. நான்கு மணிக்குள் என் ஆய்வு வழிகாட்டி கிரேஸ்லின் மேடத்துக்கு ஒரு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். 'சரி' என்ற ஒரு வார்த்தை. அறுபது பேரின் விவரம் உள்ள அட்டவணையை அனுப்பி, ஒவ்வொரு வரிசையையும் கையால் எழுதிய படிவத்தோடு ஒப்பிட்டுப் பார், ஒத்துப்போனால் சரி என்று போடு, நாலு மணிக்குக் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று காலையில் எழுதியிருந்தார். ஐம்பத்தொன்பது வரிசை சரி. அறுபதாவது வரிசையும் படிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. பெண், வயது நாற்பத்தெட்டு, கட்டட வேலை, பள்ளத்தின் ஆழம் ஆறு மில்லிமீட்டர், புகையிலைப் பழக்கம் இல்லை. படிவம்தான் பொய். அந்தப் பெண் என் அம்மா.

மூடியைத் திருகுகிறேன். நாற்றம் முதலில் வருகிறது, கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி, அதற்கடியில் ஈரத்தோல் மாதிரி ஒன்று. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறேன். கடுகில் பாதி அளவு புள்ளிகள், வெளிர் பழுப்பு, ஓரம் கொஞ்சம் அலையலையாக. வேறு எதுவும் கலக்கவில்லை. பதினாறு மாதமாக ஐந்து நாளுக்கு ஒரு தரம் இதையே பார்க்கிறேன், தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போய்விட்டு அன்று மாலையே பஸ் பிடித்து வந்தேன், ஐந்தாவது நாள் தவறினால் இது இருக்காது. முதல் தடவை மரபணு வரிசை வந்த அன்று திரையை விட்டு நான் எழுந்திருக்கவேயில்லை. எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கிற ஒரு மரபணு, ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு எழுத்து. ஏற்கனவே தெரிந்த ஏதாவது ஒன்றோடு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டே முக்காலுக்குக் கிட்ட ஒத்துப்போனால் அது பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். இது தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. தப்பாக ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்து மேடத்திடம் சொல்லாமல் மூன்று தடவை திரும்பச் செய்தேன். மூன்றிலும் அதே. மேடம் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி, "பேச்சி, இதுக்கு இன்னும் பேர் இல்ல. தெரியுமா உனக்கு?" என்றார். பெயர் இல்லாத ஒன்று உலகத்தில் எங்கேயெல்லாமோ இருக்கலாம், ஆனால் எனக்குக் கிடைத்தது, என் தட்டில் வளர்ந்தது. அப்புறம் எல்லா மாதிரியிலும் தேடினோம். பன்னிரண்டு வாயில் இருந்தது. புகையிலை போடுகிற முப்பது பேரில் பதினொரு பேரிடம், போடாத முப்பது பேரில் ஒருவரிடம். அந்த ஒருவரிடமிருந்து எடுத்ததுதான் நன்றாக வளர்ந்தது, மற்ற பதினொன்றும் இரண்டாவது மூன்றாவது தட்டிலேயே செத்துப்போயின. அதனால் அறுபதாம் எண்ணே இந்த இனத்துக்கு மூல மாதிரி ஆகிவிட்டது. இனி யாராவது தங்கள் தட்டில் இருப்பதும் இதே இனம்தானா என்று பார்க்க வேண்டுமானால் என் அம்மாவின் வாயிலிருந்து வந்ததோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நாட்டுக் கிருமிச் சேமிப்பகங்களுக்கு உலர்பனிக்கட்டியில் வைத்து அனுப்பியாயிற்று, கூடவே ஒரு தாள், எங்கிருந்து எடுத்தது, யாரிடமிருந்து எடுத்தது, புகையிலைப் பழக்கம் இல்லை. நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

வளையத்தைச் சூடாக்கி ஆறவைக்கிறேன். ஒரு புள்ளி, ஒன்றே ஒன்று, தொடுகிறேன். புதுத் தட்டின் ஓரத்தில் முதல் இழுப்பு. மாதிரி எடுத்த அன்றைக்கு, ஒரு புதன்கிழமை, அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, ஈற்றில் ரத்தம் வருகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், இங்கே இலவசமாகப் பார்ப்பார்கள் என்று நான்தான் வரச் சொன்னேன். புளியம்பூ நிறத்தில் ஒரு சேலை, கல்யாணத்துக்கு உடுத்துவது, நகக்கண்ணில் மட்டும் சிமெண்ட் போகவில்லை. சாயும் நாற்காலியில் ஏறப் பயந்து, "இது மேல போவுமாட்டி?" என்று கேட்டாள். நௌஷாத் சிரித்து, "ஏரோப்ளேன் இல்ல பாட்டி... சாரி, அம்மா" என்றான். அம்மாவும் சிரித்தாள். வாயைத் திறந்ததும் ஆழம் பார்க்கும் கம்பியை விட்டுப் பார்த்து, "பேச்சி, ஆறு எம்எம் இருக்கு. உனக்கு இன்னும் ஒரு ஆள் குறையுதுல்ல? வீட்டுலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்க" என்றான். சுற்றி மூன்றாம் வருடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், வெள்ளைக் கோட்டில், நல்ல பல்லோடு. வழக்கமாக நான் கேட்பது, என் அம்மா என்பதால் படிவத்தை எடுத்துக்கொண்டு கேள்வியை அவன்தான் வரிசையாகக் கேட்டு எழுதினான். சர்க்கரை இருக்கா, இல்ல. பிரஷர், இல்ல. மாத்திரை ஏதும், தலைவலிக்கு எப்பவாச்சும். "பொகையில போடுவீங்களாம்மா?" அம்மா வாயைத் திறந்தாள். அவள் சொல்லியிருப்பாள். எந்தத் தயக்கமும் இருந்திருக்காது, அவளுக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, பத்துப் பதினைந்து சட்டி கலவை மூன்றாம் மாடிக்கு ஏற்றினால் பசி தெரியக்கூடாது, அவளோடு வேலை பார்க்கிற எல்லாச் சித்தாள்களும் இடுப்பில் முடிந்திருப்பார்கள். அவள் வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் நான், "இல்ல, அவங்க போடமாட்டாங்க" என்றேன். அவங்க. என் அம்மாவை வாழ்நாளில் முதல் தடவையாக அவங்க என்று சொன்னேன். நௌஷாத் பல்லைப் பார்த்து, "கறை இருக்கே?" என்றான். "வெத்தலை. எப்பவாச்சும் விசேஷத்துக்கு" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஏதோ எனக்குத் தெரியாத விஷயம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது, படித்தவள் சொன்னால் காரணம் இருக்கும் என்பது போல. அப்புறம் நௌஷாத்தைப் பார்த்து, "ஆமாய்யா, அவ சொல்லுததுதான்" என்றாள்.

இரண்டாவது இழுப்பு, தட்டைக் கொஞ்சம் திருப்பி. வெட்கம் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அந்தக் கோட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்பட்டுவிட்டேன், சின்னப் புத்தி, வீட்டில் முதலில் படித்தவளுக்கு இதெல்லாம் வரும். வெட்கம் என்று சொன்னால் மனசு கொஞ்சம் இளகிவிடுகிறது, அழக்கூட வருகிறது, அழுதால் மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே எது முன்னால் வந்தது? புகையிலை போடுகிறவர்களில் முப்பது பேர் அப்போதே முடிந்திருந்தார்கள். போடாதவர்களில்தான் ஒருவர் குறைந்தார். இரண்டு மாதமாக ஒருவர் கிடைக்கவில்லை, ஆழமான பள்ளம் இருக்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது போடுகிறவர்களாகவே வந்தார்கள், அரையாண்டு அறிக்கை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. நௌஷாத் ஒரு ஆள் குறையுதுல்ல என்று சொன்னபோது என் மனசு ஏற்கனவே எந்தப் பக்கம் குறைகிறது என்று கணக்குப் போட்டுவிட்டதா? அம்மா ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் எனக்குத் தேவையில்லாத முப்பத்தோராவது ஆள். எவ்வளவு யோசித்தும் அந்த ஒரு நொடிக்குள் போக முடியவில்லை. வெட்கம் முன்னால், காலியிடம் பின்னால் என்று சில நாள் தெரியும். மறுநாள் மாறித் தெரியும். இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கலாம், ஒன்றை ஒன்று கைப்பிடித்துக்கொண்டு. வெட்கம் என்றே வைத்துக்கொண்டால் நான் பாவம். காலியிடம் என்றால் நான் கள்ளி. இதில் இன்னொன்று, இதை நினைக்கும்போதெல்லாம் அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். புகையிலை என்று சொன்னவர்களையெல்லாம் நௌஷாத் ஆறாம் அறைக்கு அனுப்பினான், அங்கே கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி எல்லாம் விளக்கடித்துப் பார்த்து, வெள்ளைத் திட்டு ஏதும் இருக்கிறதா என்று எழுதுவார்கள். முப்பது பேருக்கும் பார்த்தார்கள். இரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாவை யாரும் அனுப்பவில்லை. அம்மாவுக்கு ஆடிய பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்து, ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று அனுப்பிவைத்தோம்.

மூன்றாவது இழுப்பு. நேரமாகிறது, கை தானாகப் போகிறது. மேடம் கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு பத்தி எழுதியிருக்கிறார், நல்ல பத்தி, இந்தக் கிருமி புகையிலையைச் சார்ந்தது அல்ல, அதைத் தொடாத வாயிலும் வாழ வல்லது என்பதற்கு அறுபதாம் எண்ணே சான்று என்று. அந்தப் பத்தி முழுக்க நான் சொன்ன ஒரு 'இல்ல' மேல் நிற்கிறது. திருத்தினால் என்ன ஆகும் என்று எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாயிற்று. முப்பத்தோரு பேரில் பன்னிரண்டு, இருபத்தொன்பது பேரில் யாருமில்லை. இன்னும் தெளிவான முடிவு. உண்மையைச் சொல்லியிருந்தால் இதைவிட நல்ல கட்டுரை வந்திருக்கும், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் வளையம் ஆடும். சத்தமில்லாமல் நானே கணினியில் அந்த ஒரு கட்டத்தை மாற்றிவிடலாம். உண்மையைத்தானே போடுகிறேன். ஆனால் பேப்பரில் நீல மையில் 'இல்லை' இருக்கிறது, சேமிப்பகத்துக்குப் போன தாளில் இருக்கிறது, உண்மையை உள்ளே கொண்டுவரவும் திருட்டுத்தனமா செய்ய வேண்டும்? அதைச் செய்யாமல் போய்ச் சொன்னால் மேடம் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். இது ஒன்று பொய் என்றால் மற்ற ஐம்பத்தொன்பதும் நிஜம் என்று நான் எப்படி நம்புவது? அந்த ஐம்பத்தொன்பதும் நிஜம். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, சந்தேகம் வந்தால் இரண்டு தடவை கேட்டு எழுதினேன், ஒருவர் பிறந்த வருடம் தெரியாது என்றதற்கு அவர் ரேஷன் கார்டை மறுநாள் கொண்டுவரச் சொல்லிக்கூட எழுதினேன். என்னிடம் இருக்கிற ஒரே நல்ல பழக்கம் அது. அதற்கு இனி சாட்சி கிடையாது. உதவித்தொகை நிற்கலாம், பிஎச்டி நிற்கலாம், ஊரில் அம்மா சாந்து பூசும் வீட்டுக்காரர்களிடமெல்லாம் எம்பொண்ணு புதுசா ஒரு பூச்சியக் கண்டுபிடிச்சிருக்கா என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

நான்காவது இழுப்பை முடித்து மூடும்போது கதவைத் தள்ளிக்கொண்டு நௌஷாத் வந்தான். "என்ன பேச்சி, பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" எப்போதும் இதைத்தான் கேட்பான். ஜாடிக்குள் தட்டை வைத்துப் பொட்டலத்தைக் கிழித்தேன். "நாலு மணிக்குப் போகுதாமே கட்டுரை. மேடம் கேன்டீன்ல எல்லாருக்கும் பப்ஸ் சொல்லிருக்காங்க. நீ என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்று என் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டினான். திருகை இறுக்கினேன், ரொம்ப இறுக்கினேன், உள்ளங்கை வலித்தது. "நௌஷாத், அன்னைக்கு அம்மா போடமாட்டாங்கன்னு சொன்னேன்ல, நீ நம்பினியா?" அவன் ஜாடியைப் பார்த்தான். "கறையப் பாத்தா தெரியும் பேச்சி. நீ சொன்ன, நான் எழுதிட்டேன்" என்றான். அப்புறம் அவசரமாக, "அது ஒரு ஆள்தானே, விடு" என்றான். பதினாறு மாதம் நான் மட்டும் சுமந்ததாக நினைத்தது இவனிடமும் இருந்திருக்கிறது, இவனுக்கு அது கனக்கவேயில்லை. அது என்னமோ என்னைத் தள்ளியது. கையைக் கழுவினேன். படிவக் கட்டிலிருந்து அறுபதாவதை உருவி எடுத்துக்கொண்டேன். மணி மூன்று இருபது.

எங்கள் ஆய்வகத்தில் எழுதியதை அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு அடிக்க வேண்டும், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம், தேதி, காரணம். மேடத்தின் மேசைமேல் வைத்து அவர் பார்க்கப் பார்க்கவே கோட்டை அடித்தேன். காரணம் என்ற இடத்தில் 'பதிவுப் பிழை' என்று எழுதினேன். மேடம் படித்தார். "பிழையா?" என்றார். "இல்ல மேடம். பொய். அவங்க எங்க அம்மா. அவங்க சொல்ல வந்தாங்க, நான் சொல்ல விடல." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. "இன்னைக்கு அனுப்ப முடியாது" என்றார். அப்புறம், "சேமிப்பகத்துக்கு ரெண்டு இடத்துக்கும் திருத்தம் எழுதணும், அத நான் எழுதுறேன். மத்த அம்பத்தொன்பது பேரையும் மறுபடி கூப்பிட்டுக் கேக்கணும்." "நான் கேக்கேன் மேடம், இன்னைக்கே ஆரம்பிக்கேன்." "நீ வேண்டாம்" என்றார். குரல் கடுமையாகக்கூட இல்லை. "நௌஷாத்தும் வேண்டாம். வேற யாராவது கேக்கட்டும்." தரையில் ஒரு ஓட்டில் கீறல் இருந்தது, அதையே பார்த்தேன். நான் வேண்டாம். முதல் ஆளிலிருந்து ஐம்பத்தொன்பதாவது ஆள் வரை ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். அவர்களை யாரோ கூப்பிட்டு, அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அப்ப நீங்க உண்மையிலேயே அதத்தான் சொன்னீங்களா என்று கேட்பார்கள். "இந்த ஒண்ண மட்டும் நீ கேளு. என் முன்னாடி. எத்தன வருஷம், ஒரு நாளைக்கு எத்தன தடவ, கடைசியா எப்ப. படிவத்துல இருக்குற மாதிரியே." போனைக் காட்டினார்.

ஐந்தாவது மணியடிப்பில்தான் அம்மா எடுத்தாள். பின்னால் கலவை மிஷின் கடகடவென்று ஓடியது. "ஏட்டி, என்ன இந்நேரத்துல? ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" இல்லம்மா, ஒண்ணு கேக்கணும் என்றேன். "கேக்கல, சத்தமாச் சொல்லு, மிஷின் ஓடுதுல்லா." மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையில் மூன்று வருடமாக ஒரு வார்த்தைகூட ஊர்ப் பேச்சில் பேசியதில்லை, நாக்கை ஒவ்வொரு நாளும் வாசலில் மாற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். "எம்மா, நீ பொயல எத்தன வருசமாப் போடுத?" கத்தினேன். நடையில் போன யாரோ நின்றது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. "எதுக்குட்டி இப்பக் கேக்க? ஆராச்சும் என்னமும் சொன்னாங்களா? நான் போடல." "எம்மா, நிசத்தச் சொல்லு, நான் பொய்யா எழுதிட்டேன், அத மாத்தணும்." "நிசமாத்தான் சொல்லுதேன். நான் போடல. விட்டுட்டேன்லா." அவள் நகர்ந்து தள்ளிப் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது, குரல் பக்கத்தில் வந்தது. "அன்னைக்கி ஒங்க காலேசுக்கு வந்துட்டுப் போனேன்லா, அன்னையிலயிருந்து தொடல. நீ அத்தன டாக்டருவ முன்னால எங்கம்மா போடமாட்டான்னு சொன்ன. எம்புள்ள எழுதினது பொய்யாயிரக் கூடாதுல்லா. மொத ஒரு மாசம் தல கிறுகிறுன்னு வந்துச்சு, சாரத்துல ஏற முடியல, மேஸ்திரி ஏசினான். இப்ப ஒண்ணுமில்ல." ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் இடுப்பில் அந்தப் பொட்டலம் இல்லாததைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயந்து ஒளித்து வைக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மேடம் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் பேசியது அவருக்கும் கேட்டிருக்கும், அந்த அளவுக்குச் சத்தமாகத்தான் பேசினாள். கேட்கத்தான் வேண்டும். "எம்மா, இப்ப உள்ளது வேண்டாம். அன்னைக்கி உள்ளதுதான் வேணும். அன்னைக்கிக் காலையில போட்டியா?" "அன்னைக்கிக் காலையிலயா? போட்டேன். ஒங்க கேட்டுக்கு வெளியவே துப்பிட்டு, வாயக் கொப்பளிச்சிட்டுத்தான் வந்தேன்." "எத்தன வருசம்?" "நீ ஒண்ணாப்பு சேந்த வருசம் சித்தாளுக்குப் போக ஆரம்பிச்சேன். அப்பம் தொட்டு. நீயே கணக்குப் பாத்துக்க." பதினெட்டு என்று எழுதினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றேன், அஞ்சாறு இருக்கும் என்றாள், ஆறு என்று எழுதினேன். கன்னத்துல உள்பக்கம் புண்ணு, வெள்ளையா என்னமும் இருக்கா என்றேன், அது படிவத்தில் இல்லாத கேள்வி. நாக்கை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது கேட்டது. "ஒண்ணும் தெரியல" என்றாள். நாளைக்கு வேலைக்குப் போகாதே, காலையில் முதல் பஸ்ஸில் இங்கே வா, பார்க்க வேண்டும் என்றேன். சரி என்றாள், உடனே போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ, முப்பிடாதி, கலவ காயுது என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஏட்டி பேச்சி" என்றாள். "அப்பம் நான் விட்டத எழுதிக்கிட மாட்டாவளா?" படிவத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தேன், பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். மாதிரி எடுத்த அன்றோடு அது முடிந்துவிடுகிறது. "இதுல எடம் இல்லம்மா" என்றேன். "சரிட்டி, அதனால என்ன" என்றாள் அம்மா.